அடி வாங்காமல் விழுந்த சிப்பாய்

பயந்தால் ஓடுகிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவர்களுக்குக் காலாவது ஒத்துழைக்கிறது.

யுத்த காலம். அன்னியப் படை பிடித்துக்கொண்ட மலையைச் சிலம்ப வாத்தியார் ஒருவர் மீட்கும் கதையைப் படமெடுக்க, மலைமேலுள்ள சோளக்காடு என்ற ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. (எந்த நாட்டுப் படை என்று கேட்டால், தணிக்கைக்குப் பயந்து, "ஏதோ படை" என்பார்கள்.) வாத்தியாராக நடித்தவர் அதே மலையின் குண்டூர் நாட்டில் நிஜமாகவே சிலம்பம் சொல்லிக்கொடுத்த சடையன். முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறிப் போன நான், ஏதோ படையின் சிப்பாய்.

"கம்பு சுத்தத் தெரியுமா?" என்றார் டைரக்டர்.

"தண்ணிபட்ட பாடுங்க" என்றேன். (நாய் விரட்டிய அனுபவம்.)

யுத்தத்தால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. சண்டையை ஒரே தடவைதான் எடுக்க முடியும். சடையன் என்னிடம் வந்தார்.

"பயப்படாதீங்க தம்பி, அடி மேல படாது. நாலு சுத்துத் தாங்கிட்டுச் சாஞ்சுடுங்க. நான் சினிமாவுல வாரேன்னு எம்பட பொண்டாட்டி புள்ளைங்க அத்தன தூரம் நடந்து வந்திருக்குதுங்க."

கேமரா ஓடியது. சடையன் மண்ணைத் தொட்டு வணங்கிக் கம்பைச் சுழற்றினார். கம்பு மறைந்துவிட்டது, சத்தம் மட்டும் என் காதை நோக்கி வந்தது. என் கம்பு கீழே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நானும் கிடந்தேன், அவருடைய இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு.

சுழன்ற கம்பு சட்டென நின்றது.

"அடிய்யா!" என்று டைரக்டர் கத்தினார்.

"முடியாதுங்க. கம்பக் கீழ வெச்சுக் காலத் தொட்டுட்டா எங்களுக்குச் சிஷ்யனுங்க. சிஷ்யன எப்பிடி அடிக்கறதுங்க?"

"இது சினிமாய்யா!"

"அவரு தொட்டது எங்காலுங்களே."

பிலிம் தீர்ந்தது. சடையன் தன் மனைவி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டார். "போனாப் போவுது, எந்திரி சாமி."

அவர் திட்டியிருக்கலாம். திட்டாததற்காகவே நான் அழுதேன்.

வேறு வழியின்றி டைரக்டர் அதையே படத்தில் வைத்தார். ராசிபுரம் கொட்டகையில், கம்பின் சுழற்சியைப் பார்த்தே ஏதோ படை சரணடைந்ததும் விசில் பறந்தது. திரை முழுக்கச் சடையன் முகம். முன்வரிசையில் அவர் குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சிஷ்யன் ஆகிவிட்டதால் வருஷா வருஷம் வெற்றிலை பாக்கோடு மலையேறுகிறேன். கம்பில் ஒரு சுற்றுகூட இன்னும் வரவில்லை. வீட்டில் என் மனைவி ஒட்டடைக் கம்பை எடுத்தாலே பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "அப்பா, உழுந்துடுங்க."

பெரும்பாலும் விழுந்துவிடுகிறேன்.