அங்கிளுக்கு வைத்த இறால்

பசி தாங்காமல் திருடியவனை உலகம் எப்படியும் மன்னித்துவிடும். நான் வயிறு முட்ட நிறைந்திருக்கும்போது திருடியவன். அதுவும் எனக்கு மாமனாராக வரவிருந்தவரின் தட்டிலிருந்து, அவர் பக்கத்திலேயே இருக்க, ஆறு தடவை.

நானும் துஷியும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தோம். துஷியின் அம்மா லீலா அன்ரி பாதிச் சம்மதம். அப்பா சிவபாதம் அங்கிள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிக்கரிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மூன்று முறை போயிருந்தேன். மூன்று முறையும் "வாரும், இரும்" என்று சொல்லிவிட்டு தொலைக்காட்சியில் காலநிலை பார்த்தார். (பனி கொட்டுமா என்பதில் இருந்த அக்கறை, மருமகன் வருவானா என்பதில் இருந்ததாகத் தெரியவில்லை.)

ஆளைத் தனியாகக் கூட்டிப்போய் அசத்திவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன். மார்க்கம் நகரில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்து, நான் பெரிய ரசனைக்காரன் என்று என்னை நானே நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. டவுன்டவுனில் ஒரு ஜப்பானிய உணவகத்தைக் கண்டுபிடித்தேன். டெம்புரா மட்டும்தான். ஒரு நீண்ட மர மேசை, எட்டே எட்டுக் கதிரைகள். செஃப் உங்களுக்கு முன்னால் நின்று மீனையும் மரக்கறியையும் மெல்லிய மாவில் தோய்த்து, ஒவ்வொரு துண்டாகப் பொரித்து, உங்கள் தட்டிலுள்ள வெள்ளைத் தாளில் வைப்பார். வைத்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் காத்திருந்து இடம் பிடித்தேன். 'நீங்கள் சாப்பிடாதவை ஏதும் உண்டா?' என்று பதிவுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'எதுவுமே இல்லை' என்று பெருமையாக எழுதினேன்.

அங்கிள் மறுப்புச் சொல்லாமல் வந்தது எனக்கே ஆச்சரியம். மாலை ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்து, சூடான துவாலையில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது துஷியிடமிருந்து செய்தி வந்தது.

"ஓ மை காட், இப்பதான் யோசிச்சனான். இண்டைக்கு ஃபிரைடே! வெள்ளிக்கிழமையிலை எங்கட வீட்டிலை மச்சம் இல்லை."

மச்சம் இல்லை என்றால் மீனில்லை, இறைச்சியில்லை, முட்டைகூட இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். செஃப் ஒரு மரப்பெட்டியிலிருந்து இறால் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அது அவர் கையில் துள்ளியது. என் இதயமும் ஏறக்குறைய அதே வேகத்தில் துள்ளியது.

நியாயமான மனிதன் என்ன செய்திருப்பான்? "ஐயா, இவர் இன்று மரக்கறிதான்" என்று செஃபிடம் சொல்லியிருப்பான். ஆனால் 'எதுவுமே இல்லை' என்று எழுதிக் கொடுத்தவன் நான். தவிர, அங்கிள் எல்லோர் முன்னாலும் தட்டைத் தள்ளிவைத்தால் அவருக்கு எவ்வளவு சங்கடம்! (உண்மையில் நான் பயந்தது என் சங்கடத்துக்குத்தான்.) ஆகவே அவருடைய விரதத்தை நானே காப்பாற்றுவதென்று முடிவு செய்தேன்.

முதலில் மொறுமொறுவென்று இறால் தலை வந்தது. செஃப் சட்டியின் பக்கம் திரும்பியதும், என்னுடையதை வாயில் போட்டேன். அங்கிளுடையதையும் எடுத்துப் போட்டேன். பிறகு இறால். பிறகு இன்னொரு இறால். நாக்கு வெந்து தோலுரிந்தது. அங்கிள் தன் வெறும் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இடையிடையே வந்த தாமரைக் கிழங்கையும் வத்தாளங்கிழங்கையும் மட்டும் பெருந்தன்மையோடு அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

இதற்கிடையில் அங்கிள் என்னோடு பேசாத பேச்சையெல்லாம் செஃபோடு பேசத் தொடங்கினார். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரு கடையில் நாலு வருடம் மீன் பொரித்தவராம். எனக்கு இது புதுச் செய்தி. எண்ணெயின் சத்தம் மெலிந்து வரும்போது மீன் வெந்துவிடும், கண்ணால் பார்க்கவே தேவையில்லை என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். செஃப் கையிலிருந்த நீண்ட குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய்ச் சத்தத்தைக் கேட்டார்கள். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அவருடைய கிழங்கான் மீன் போயிற்று. அடுத்து கணவாய் போயிற்று. சிப்பியும் போயிற்று.

எனக்கு மூச்சு முட்டத் தொடங்கிய நேரத்தில் விலாங்கு வந்தது. முழு நீள விலாங்கு. செஃப் அதை அங்கிளின் தட்டில், எனக்கு எட்டாத மறுகரையில் வைத்தார். அதற்குப் பிறகு திரும்பவில்லை. குச்சிகளைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு காவல் நின்றார்.

அங்கிள் அதை எடுத்தார்.

"அங்கிள், உது மச்சம்," என்றேன் மெதுவாக.

"தெரியும் தம்பி. இது ஏழாவது மச்சம். முதல் ஆறையும் நீர் சாப்பிட்டிட்டீர்."

நான் கைப்பேசியை எடுத்தேன்.

"பசியெண்டால் சொல்லியிருக்கலாமே," என்றார் அங்கிள். "நானே தந்திருப்பன்."

துஷி அனுப்பிய செய்தியைக் காட்டி, வெள்ளிக்கிழமை விஷயத்தை ஒருவாறு விளங்கப்படுத்தினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு நிதானமாக வாசித்தார்.

"வீட்டிலை இல்லையெண்டுதானே எழுதியிருக்கிறாள்? இது ஆருடைய வீடு?"

கண்ணை மூடி, விலாங்கை முடியும்வரை சாப்பிட்டார். அவர் அன்று என்னோடு வர ஒத்துக்கொண்டதே, இந்தப் பொரியலை ஒருமுறை ருசி பார்க்கத்தானாம்.

திரும்பி வரும்போது காரை அங்கிள்தான் ஓட்டினார். நான் பக்கத்துச் சீற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். வேலைக்குப் போன காலமெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் தான் வெளியில் மீன் சாப்பிட்டு வந்ததாகவும், அது லீலா அன்ரிக்குத் தெரியாதென்றும் வழியில் சொன்னார். "அன்ரிக்குச் சொல்லிப்போடாதையும்." நான் "ஓம் அங்கிள்" என்றேன். ஒரு மனிதன் என்னை நம்பிவிட்டான் என்று அந்த வேதனையிலும் நெஞ்சு விம்மியது.

அன்ரி என் முகத்தைக் கண்டு பதறிப்போய் கொத்தமல்லி அவித்துத் தந்தார். பிறகு அங்கிளிடம் திரும்பினார்.

"நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"வத்தாளங்கிழங்கு," என்றார் அங்கிள், முகத்தில் அசைவில்லாமல்.

"ஐயோ பாவம். அவ்வளவு தூரம் போய் வெறும் கிழங்கோ? பசியோடையே வந்தனீங்கள்?"

அன்ரி கலங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. "இல்லை அன்ரி," என்றேன் ஆறுதலாக. "கடைசியா ஒரு பெரிய விலாங்கு சாப்பிட்டவர்."

துஷி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அங்கிள் எழுந்துபோய்த் தொலைக்காட்சியில் காலநிலை போட்டார். அன்றிரவுக்குள் அவருடைய அத்தனை வருட வெள்ளிக்கிழமைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

என்மேல் அன்ரிக்கு மீதிப் பாதிச் சம்மதமும் வந்தது அன்றைக்குத்தான். "பொய் சொல்லத் தெரியாத பெடியன்" என்றார். அங்கிள் சம்மதிக்க இன்னும் மூன்று மாதம் எடுத்தது. அதே உணவகத்துக்கு ஒரு சனிக்கிழமையில் மறுபடியும் கூட்டிப்போக வேண்டும், எங்கள் இருவருக்கும் நடுவில் துஷி இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம். இன்றும் நான் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தால் அங்கிள் இடது கையால் தன் சாப்பாட்டுக் கோப்பையை மூடிக்கொள்வார். துஷியின் சித்தப்பாமார், மச்சான்மார் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு கலியாண வீட்டில் நான் நடந்துபோக, ஒரு மேசை முழுவதும் கோப்பையை மூடியது.

போன மாதம் எங்கள் நாலு வயது மகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கலாமென்று கையை நீட்டினேன். அவள் இரண்டு சின்னக் கைகளையும் விரித்துக் கோப்பையை மூடினாள்.

"அப்பா, உங்கடை அங்கை இருக்கு."

எதிரில் இருந்த அங்கிள் "கெட்டிக்காரி" என்றார். அவருடைய இடது கையும் கோப்பையை விட்டு அசையவில்லை.