சிலேட்டில் என் பெயர்

ஜோகுபாளையம், பெங்களூர்
17-8-1998

அன்புள்ள மச்சான் நாணுவுக்கு, உன் அக்காள் புருஷன் எத்திராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, அதனால் சுகம். அங்கே நீயும், உன் வீட்டாரும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உன் அக்காளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். அவளைத் திருப்பி அனுப்பு என்று கெஞ்ச நான் எழுதவில்லை. நியாயம் கேட்க எழுதுகிறேன்.

தொண்டையில் கட்டி என்று டாக்டர்கள் குரலையே எடுத்துவிட்ட பிறகு அவள் என்னைக் கூப்பிட என்ன வழி, நீயே சொல். சமையலறையில் தட்டைக் கரண்டியால் தட்டினாள், தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று தெருவே குடத்தோடு ஓடிவந்து எங்கள் வாசலில் சண்டை போட்டது. சரி, எழுதிக் காட்டு என்றால், ஆனேக்கல் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குக் கன்னட எழுத்துதான் வரும், எனக்கு அது ஜிலேபி. என் தமிழெழுத்து அவளுக்குப் புரியாது. இத்தனை வருஷம் தமிழிலேயே சண்டை போட்ட எங்களுக்குப் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், பக்கத்து வீட்டு ஜூடித் டீச்சர் ஒரு சிலேட்டு கொடுத்து அவளுக்கு ஏபிசிடி ஆரம்பித்தார்.

ஏபிசிடியோடு நிறுத்தக்கூடாதா? அந்தம்மாள் கான்வென்ட்டில் லத்தீன் படித்தவர். "லெட்டர்ங்கறது லத்தீன்ல லிட்டெரா. வவல்னா அவங்க பாஷையில குரல். கான்சனன்ட்னா கூடச் சேர்ந்து ஒலிக்கிறது, தனியா அதுக்குச் சத்தம் வராதும்மா" என்று பாடம். உன் அக்காள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அப்புறம் நான் இருந்த எங்கள் வீட்டுப் பக்கம் கை காட்டினாளாம். டீச்சர் அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னார். "ஏன் அழறீங்க, ஃபெயிலாயிட்டாளா?" என்று கேட்டேன். எனக்கென்னப்பா தெரியும்!

போன வெள்ளிக்கிழமை வாசலில் எதிர்வீட்டுக் கோவிந்தப்பாவோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டை நீட்டினாள். இங்கிலீஷில் முழுசாக எத்திராஜ், அதன்கீழ் காபி. கோவிந்தப்பா உரக்கப் படித்து, பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொல்லாதவள் அவள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்டபோதுகூட, குரல் இருந்தும், என் முகத்தைத்தான் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று. "புருஷன் பேரை எழுதிக் காட்டறியா? நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?" என்று தோள் துண்டால் அழித்துவிட்டேன். காபியை வைத்தாள், பையை எடுத்தாள், பஸ் ஏறிவிட்டாள்.

அப்புறம் டீச்சர் வந்து, "அழிக்கிறதுக்கு ஆப்லிட்டரேட்னு ஒரு வார்த்தை இருக்கு எத்திராஜ், அதுக்குள்ளயும் அந்த லத்தீன் லிட்டெரா, எழுத்துதான் இருக்கு. அவ ஒரு வாரமா எழுதிப் பழகினது உங்க பேரை மட்டும்தான்" என்றார். லத்தீன்காரனுக்கு என் வீட்டு விஷயம் எதற்கு?

ஆகவே தப்பு அவள்மேல்தான். அவளாக வந்தால் வரட்டும். ஓசூர் வேலையில் தமிழ் படிக்கக் கற்றவன் நீதான், இதை அவளுக்கு வாசித்துக் காட்டு. கத்தி வாசிக்காதே, பேச்சு போனவளிடம் எல்லாரும் கத்துகிறார்கள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். குளிக்கும்போது கழுத்தில் மூச்சுக்குப் போட்ட துளையில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். உன் குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
எத்திராஜ்

பி.கு.: மேலே உள்ள எதையும் அவளுக்கு வாசித்துக் காட்டாதே. தபாலில் போடவில்லை, மத்தியான பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். நானும் அவளை இதுநாள்வரை "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். உன் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடலாமென்று இருக்கிறேன். கூச்சமாக இருந்தது, அதனால் இப்போது இங்கே ஒருமுறை "வேதநாயகி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வீட்டில் இருந்திருந்தாலும் அவளால் பதில் சொல்ல முடியாதுதான். ஆனால் வந்து நின்றிருப்பாள்.