ஒன்பதாவது ஆளின் கம்பளிக் கோட்டு

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்தில், முன்னாள் படைவீரர் நினைவுப் பகிர்வுச் சங்கத்தின் அறையில் எட்டுப் பேர் இருந்தனர். இருக்கவேண்டியவர்கள் ஒன்பது பேர். ஐந்து மணிக்கு நகராட்சியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து தலைகளை எண்ணுவார் என்று கடிதம் வந்திருந்தது.

நகராட்சியின் மாடியறையை இலவசமாகப் பயன்படுத்தும் எந்தக் குழுவிலும் ஒன்பது பேருக்குக் குறையக்கூடாது. குறைந்தால், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்காக அறை மாற்றப்படும். கடிதத்தின் சாரம் இவ்வளவே. அதைச் சங்கச் செயலாளர் மூன்று முறை படித்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிற்கவும் நடக்கவும் திரும்பவும் கற்பித்தவர் என்பதால், எல்லோரும் அவரைக் கவாத்துக்காரர் என்றே அழைத்தனர்.

ஒன்பதாமவர், பட்டாளத்தில் தினமும் விடியற்காலையில் பியூகிள் ஊதி முகாமை எழுப்பியவர். இரண்டு வாரங்களுக்கு முன்பு வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். "அங்க வெயில் ஜாஸ்தி, இது எதுக்கு?" என்று தம்முடைய கம்பளிக் கோட்டைச் சுவரில் இருந்த ஆணியிலேயே விட்டுப் போயிருந்தார்.

"பேசாம உண்மையச் சொல்லிடலாம்ப்பா," என்றார் பட்டாளத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஓட்டுநர்.

"உண்மையச் சொன்னா நாற்காலி உள்ள வரும், நாம வெளிய போவோம். நான் விடமாட்டேன்," என்றார் கவாத்துக்காரர்.

"என்ன பண்ணப்போற?"

"ஒன்பதாவது ஆளைக் கொண்டுவருவேன்."

"இருபது நிமிஷத்துல எவன் பட்டாளத்துல சேர்ந்து, சண்டை போட்டு, ரிட்டயர் ஆகி மாடி ஏறி வருவான்?"

அறை போனால் தங்கள் கதைகளைச் சொல்ல வேறிடமில்லை என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். படைச் சமையற்காரர் வீட்டில், "ஒருநாள் மலை உச்சியில..." என்று அவர் தொடங்கினாலே மருமகள் அடுப்பை அணைக்கப் போய்விடுவாள், அடுப்பு எரியாத நேரத்திலும் போய்விடுவாள். கவாத்துக்காரரின் மனைவியோ கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்பாள்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒல்லியான மனிதர் ஒருவர், தோளில் கனத்த பையுடன் வாசலில் நின்று, உள்ளே பார்ப்பதற்கு முன் மேலே பார்த்தார். மின்விசிறி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா ஓடல?" என்று கேட்டார்.

"அஞ்சு நாளா. அத விடுங்க. உங்களுக்கு என்ன வயசு?" என்றார் கவாத்துக்காரர்.

"ஐம்பத்தேழு. நான் எதுக்கு வந்தேன்னா..."

"எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஃபேன் அப்புறம். நேரா நில்லுங்க!"

கவாத்துக்காரரின் குரலைக் கேட்டவர்கள் முதலில் நிற்பார்கள். நிற்கச் சொன்னவர் யார் என்பதைப் பிறகுதான் யோசிப்பார்கள். வந்தவரும் நின்றார். குதிகால்கள்கூடத் தாமாகவே சேர்ந்துகொண்டன.

"பரவாயில்லையே, ஆளு தேறுவான்," என்று சமையற்காரர் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து வந்தார்.

ஓட்டுநர் பையைப் பிடுங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"சார், என் பை..."

"கேட்டா மட்டும் பேசணும்!" என்றார் கவாத்துக்காரர். படையில் சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதி அதுதான். வந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

கோட்டின் தோள்கள் வந்தவரின் தோள்களைத் தாண்டி இரு பக்கமும் தொங்கின. சமையற்காரர் இரண்டு துண்டுகளை மடித்து உள்ளே திணித்தார். தோள் நிரம்பியது, கழுத்து காணாமற்போனது. கழுத்தை வெளியே எடுப்பதற்காக மேல் பொத்தானைக் கழற்றியபோது, உள்ளே இருந்த சட்டைப் பையில் நான்கு பேனாக்கள் தெரிந்தன.

"பட்டாளத்துக்காரனுக்கு நாலு பேனா எதுக்கு?" என்று ஓட்டுநர் அவற்றையும் பறித்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றார் கவாத்துக்காரர். அவசரத்தில் மரியாதைப் பன்மை உதிர்ந்துவிட்டிருந்தது. "நீ பியூகிள் ஊதினவன். பனிமலை முகாம். ஒருநாள் காலையில பியூகிளை வாயில வச்சதும் குளிர்ல பித்தளை உதட்டோட ஒட்டிக்கிச்சு. ஊதவும் முடியல, எடுக்கவும் முடியல. முகாம் மொத்தமும் எட்டு மணி வரைக்கும் தூங்கிடுச்சு. பெரிய அதிகாரி எழுந்து வந்து பார்த்தா, நீ பியூகிளோட சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கறே. புரியுதா?"

"புரியுது. ஆனா இது எதுக்கு?"

"ஆய்வாளர் வர்றாங்க. அவங்க முன்னாடி நீதான் ஒன்பதாவது ஆள். தப்புதான். மாட்டினா பழி என் மேல, உன் மேல வராது."

வந்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கவாத்துக்காரர் ஒரு விரலை உயர்த்தினார். படியில் மறுபடியும் செருப்புச் சத்தம். சீரான இடைவெளி, ஒரு படிகூட அவசரப்படவில்லை.

இம்முறை வாசலில் நின்றவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மையார். உடையில் இஸ்திரி மடிப்பு குலையவில்லை. கையில் நீளமான நோட்டுப் புத்தகம். அதன் நடுவில் கூராகச் சீவிய பென்சில்.

"வணக்கம். நான்..."

"வாங்க மேடம், வாங்க. உக்காருங்க. நீங்க ஒண்ணுமே சொல்லவேண்டாம், எல்லாம் தயாரா இருக்கு," என்று கவாத்துக்காரர் அறையிலேயே ஆடாத ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல ஆள் கணக்கு. அணி! வலமிருந்து எண்!"

"ஒண்ணு!" "ரெண்டு!" என்று எண்ணிக்கை சுவரோரமாக ஓடியது. கவாத்துக்காரரே ஏழாவது எண்ணைச் சொல்லிக்கொண்டார். சமையற்காரர் "எட்டு!" என்று முழங்கினார்.

கோட்டுக்குள்ளிருந்து குரல் வரவில்லை. சமையற்காரர் முழங்கையால் இடித்தார்.

"எட்டு," என்றது கோட்டு.

"ஒன்பது மேடம், ஒன்பது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றார் ஓட்டுநர்.

"பியூகிள் ஊதி ஊதி," என்று சேர்த்துச் சொன்னார் சமையற்காரர்.

அம்மையாரின் புருவம் உயர்ந்தது. "இவரா பியூகிள் ஊதினவர்?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றனர். அவ்வளவு ஒற்றுமை அந்தச் சங்கத்தில் அதற்குமுன் இருந்ததில்லை.

"அப்படின்னா அவர் வாயாலேயே ஒரு நினைவைக் கேக்கலாமே."

இனிப் பின்வாங்க வழியில்லை. கவாத்துக்காரர் தலையசைத்தார். கோட்டுக்குள் இருந்தவர் நெற்றி வியர்வையை யாரோ ஒருவருடைய கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு தொடங்கினார். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னார். குளிரைப் பற்றிச் சொல்லும்போது உண்மையாகவே நடுங்கினார். அதிகாரி எழுந்து வந்த இடத்தில், அந்தக் கதையை நாற்பது முறை கேட்டிருந்த ஓட்டுநரே சிரித்துவிட்டார்.

"அப்புறம் எப்படிப் பிரிச்சாங்க?" என்று அம்மையார் கேட்டார்.

அது பாடத்தில் இல்லை. கோட்டுக்குள் இருந்தவர் கவாத்துக்காரரைப் பார்த்தார். கவாத்துக்காரர் கூரையைப் பார்த்தார்.

"கொதிக்கிற தண்ணி ஊத்தி," என்றார் கோட்டுக்குள் இருந்தவர்.

"கொதிக்கிற தண்ணி ஊத்தினா முகமே வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணி. கொஞ்சம் கொஞ்சமா, ஆறு நிமிஷம். கண்ணாலயே 'இழுத்துடுங்க'ன்னு கெஞ்சினார். அசைஞ்சா தலையில குட்டுவேன்னேன்." அம்மையார் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "ஊத்தினது நான். அந்த உதட்டுக்கு இருபது நாள் மருந்து போட்டவளும் நான். இது அந்த உதடு இல்லை."

சமையற்காரர் கோட்டை விட்டு ஓரடி விலகி நின்றார்.

"ராணுவ மருத்துவமனையில முப்பத்தொரு வருஷம் நர்ஸ். கேப்டனா ஓய்வு பெற்றேன்."

கவாத்துக்காரரின் குதிகால்கள் படீரென்று சேர்ந்தன. அந்த அறையில் கேப்டன் பதவியைத் தொட்டவர்கள் யாருமில்லை.

"'என் இடம் காலியா இருக்கு, நீங்க போய்ச் சேருங்க'ன்னு பியூகிள்காரர்தான் எனக்குக் கடிதம் எழுதினார். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையா எழுதி எடுத்துக்கிட்டு வந்தேன். வாயத் திறக்க விட்டீங்களா?"

"அப்போ நீங்கதான் ஒன்பது!" என்றார் சமையற்காரர். கண்ணில் நீர் வந்துவிட்டது. "நிஜமான ஒன்பது!"

"டேய், கோட்டைக் கழட்டச் சொல்லு, கழட்டச் சொல்லு!" என்று ஓட்டுநர் பரபரத்தார். "ஆய்வாளர் வர்றதுக்குள்ள இவன் ஏணி மேல நிக்கணும். மணி அஞ்சே கால் ஆச்சு, எந்த நிமிஷமும் வந்துடுவாரு!"

ஆறு கைகள் சேர்ந்து கோட்டை இழுத்தன. ஒரு துண்டு கீழே விழுந்தது; மற்றொன்று முதுகுக்குள் போயிற்று. அந்த நேரத்தில் வாசலில் ஓர் இளைஞன், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் மறுகையில் சிறிய ஏணியுமாக வந்து நின்றான்.

"மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு," என்றான். "ஃபேன் ரிப்பேருக்கு வரச் சொன்னது இங்கதானே?"

ஆறு கைகளும் கோட்டிலேயே நின்றன. கோட்டுக்குள் இருந்தவர், பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை நோக்கி மெதுவாக விரலை நீட்டினார்.

கவாத்துக்காரர் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். "செஞ்சது நான். மத்தவங்க என் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவங்க. என் பேர்ல எழுதிக்குங்க."

"மூணு தடவை சொல்ல வந்தேன்," என்றார் ஆய்வாளர். "நீங்கதான் கேட்டா மட்டும் பேசணும்னீங்க. பேனாவைக் கொடுங்க."

அன்று முடிவானவை பின்வருமாறு. ஆய்வின்போது அந்த அம்மையாரைச் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள் இருந்தனர் என்றும், மின்விசிறி ஓடாததை ஆய்வாளர் நேரடியாக அனுபவித்தார் என்றும் ஆய்வறிக்கையில் எழுதப்பட்டது. அறை மேலும் ஓராண்டுக்குச் சங்கத்துக்கே ஒதுக்கப்பட்டது. ஆள் கணக்கு எடுக்கும் பொறுப்பு கேப்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. இனிமேல் படியேறி வருபவர் எவராயினும், அவர் யார் என்று கேட்டு, பதிலையும் முழுவதுமாகக் கேட்ட பின்னரே நிற்கவோ உட்காரவோ சொல்லவேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. இத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் கவாத்துக்காரர். வழிமொழியும்படி அவர் எவருக்கும் கட்டளையிடவில்லை; கேப்டன் கேட்கும் வரையில் வாய் திறக்காமல் காத்திருந்தார்.