சிவப்பு நூல் அலைன்மென்ட்

வண்டியைத் தாழ்த்துவது என்று முடிவு செய்துவிட்டேன். வண்டி தாழ்ந்தால்தான் நான் தலைநிமிர முடியும்.

மெத்தை ஏற்றிப் போகும் பிக்கப் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமையானால் அது மாமியார் வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே குழாய் சொட்டும், மேசை மின்விசிறி முனகும். எல்லாம் மாப்பிள்ளைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி. என் வண்டி உயரத்துக்கு ஏற முடியாது, வேறு வண்டியென்றால் குமட்டும். அதனால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் என் பக்கம்.

மாமியாரின் தெருமுனையில் மலை போல ஒரு வேகத்தடை. வண்டியின் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திவிட்டால் அதைத் தாண்டவே முடியாது. மனைவியை இந்தப் பக்கமே இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். மெத்தையோடு வண்டியை ரோட்டில் அநாதையாக விட முடியுமா? தாழ்த்தலாம் என்று பேச்சை எடுத்தது மெக்கானிக்தான். ஆனால் வேகத்தடையை அதோடு சேர்த்தது என் மூளை!

மனைவியிடம் விஞ்ஞானமாகப் பேசினேன்.

“சும்மா இறக்கினா போதாது. ஸ்பிரிங்கைக் குறைச்சா ஸ்டீயரிங் கம்பியெல்லாம் சாய்ஞ்சுக்கும். முன்சக்கரம் ரெண்டும் இப்படி ஆயிடும்.” கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று முறைக்கிற மாதிரி நின்று காட்டினேன்.

“விழுந்துடாதீங்க.”

“டயர் தேயும். வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அதனால அலைன்மென்ட் பண்ணணும்.”

“பண்ணா நேரா போகுமா?”

“நூல் பிடிச்ச மாதிரி!”

“அப்போ நல்லா பண்ணிக்குங்க.”

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாளே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பரிதாபப்பட்டேன்.

பட்டறையில் மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றினார். வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, ஒற்றைக் கண்ணால் சக்கரத்தைப் பார்த்தார். கம்பியைத் திருகினார், மறுபடி பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து, தரையிலிருந்து சீட் வரைக்கும் பிடித்தார்.

“இது எந்த அலைன்மென்ட் அண்ணே?”

“இதுதான் சார் முக்கியமான அலைன்மென்ட். இன்னும் ஒரு விரற்கடை இறங்கணும்.”

எல்லாம் தெரிந்தவனைப் போலத் தலையாட்டினேன்.

ஞாயிறு வந்தது. வேகத்தடையில் ‘கர்ர்ர்’ என்று வயிற்றைத் தேய்த்து வண்டி நின்றது. ஆகா, என்ன சங்கீதம்! முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

“ஐயோ, ஏறலையே! இப்ப என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். அம்மாவே வந்துட்டாங்க பாருங்க.”

தடைக்கு அந்தப் பக்கம் மாமியார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அந்த முனகும் மின்விசிறி. மெல்ல நடந்து வந்து, இரண்டையும் பின்னால் மெத்தை மேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து, சோபாவில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

“மாப்ளே! காலைத் தூக்கவே வேணாம்! இனிமே அடிக்கடி வந்து தங்கிட்டுப் போறேன்.”

வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக எங்கள் வீட்டுக்குப் போனது. பாவி, ஒரு பக்கமும் இழுக்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்கு ஓடினேன்.

“அண்ணே, பழையபடி உயர்த்திடுங்க!”

“வீட்டம்மாவைக் கேக்காம முடியாது சார். தாழ்த்தலாம்னு உங்க காதுல போடச் சொன்னதே அவங்கதான்.”

“அவளா? அவளுக்கு சஸ்பென்ஷனைப் பத்தி என்ன தெரியும்?”

மெக்கானிக் சிவப்பு நூலை எடுத்து என் மூக்குக்கு நேரே தொங்கவிட்டார்.

“அது தெரியாது சார். உங்க மாமியாரோட முழங்கால் உயரம் தெரியும். அளந்து கொடுத்தாங்க.”