பெர்மிட்டில் பத்து, கோணியில் ஒன்று

அரைகுறையாகப் படித்தவன் வாயைத் திறக்கவே கூடாத இடங்களில் முதலாவது சோதனைச் சாவடி. மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில், அக்காவின் கல்யாணத்தன்று இதைக் கற்றேன்.

மாப்பிள்ளை மலாக்கா டவுனை ஒட்டிய கிளேபாங்காரர். "எங்க ஆளுங்களுக்கு ஐஸ் போட்ட சர்பத் கொடுக்கணும்லா" என்று அவருடைய சித்தப்பா கேட்க, அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். சிம்பாங் அம்பாட் பக்கத்திலிருந்த எங்கள் எஸ்டேட்டில் ஐஸ் ஏது? மலாக்காவிலிருந்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள். (சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதியவன் என்ற மரியாதை!)

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் போய்விடும் என்று, அந்நாளில் தின்பதையும் குடிப்பதையும் கொண்டுபோகப் பெர்மிட் கேட்பார்கள். மலாயில் ஐஸை 'ஆயர் பத்து', அதாவது நீர்க்கல் என்பார்கள். என் பெர்மிட்டில் 'கல்யாண சர்பத்துக்கு ஆயர் பத்து, 10 துண்டு' என்றிருந்தது. பத்தையும் ஒரே கோணியில் நெருக்கி அடைத்து, தகரத் தொட்டியில் வைத்து லாரியில் ஏற்றினேன்.

சாவடியில் மலாய்ப் போலீஸ்காரர் கோணியைப் பிரித்தார். உள்ளே ஒரே கட்டி.

"மீதி ஒன்பது எங்கே?"

ஏதோ பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. (வராமலிருந்திருக்கலாம்.) 'அபாங்', அதாவது அண்ணன், என்று மரியாதையாகவே விளக்கினேன்: "ஐஸின் மேல்புறம் ஐஸ் இல்லை, அபாங். உள்ளே இருக்கும் துகளை எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்தார் பிடித்திருப்பார்கள். மேலே இருப்பதற்கு ஒரு பக்கம் ஆளில்லை; தளர்ந்து கிடக்கும். அதற்காகத் தண்ணீரும் இல்லை. இரண்டு துண்டை நெருக்கினால் அந்தப் படலம் நடுவில் மாட்டி, உறைந்து, ஒட்டிவிடும்."

அவர் என்னையே பார்த்தார். "இது ஆயரா, பத்துவா?"

"இரண்டும் இல்லை. இரண்டும்தான்."

லாரி ஓட்டிவந்த முனியாண்டி அண்ணன் பதறிப்போய், "பத்துதான் அபாங்! பத்து, பத்து!" என்றார். அவர் தமிழில் எண்ணிக்கை சொன்னார். போலீஸ்காரர் காதில் அது கல் என்று விழுந்தது. "கல்லா? கல்லையா சர்பத்தில் போடுவீர்கள்?"

"தம்பி, நீ சும்மா இரு. பத்தா ஆக்கிட்டா முடிஞ்சிச்சு" என்று அண்ணன் ஜாக்கிக் கம்பியால் ஒரு போடு போட்டார். எண்ணினால் இருபத்தாறு.

"பதினாறு அதிகம்" என்றார் போலீஸ்காரர். அவருக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும். மேலதிகாரி வரட்டும் என்று ஓரமாக நிறுத்திவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். வெயில் காத்திருக்கவில்லை.

அதிகாரி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணீர்தானே? இதற்கு எதற்குப் பெர்மிட்? போங்கள்!"

ஐஸ் இல்லாமலே தாலி ஏறிவிட்டது. சித்தப்பா மட்டும் வெதுவெதுப்பான சர்பத்தைத் தொடவேயில்லை.

இன்றும் நான் அக்கா வீட்டுக்குள் காலை வைத்ததும் அத்தான் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்: "மச்சான் வந்திருக்காரு, பச்சத் தண்ணி கொண்டா. அதுக்குத்தான்லா பெர்மிட் வேணாம்!"