பாதிவிலை தூக்கிய கிளாஸ்

ஒரு கல்லீரலில் பாதிக்கு மேல். விலை ஒரு சத்தியம். வாங்கியவர் டைல்ஸ் கடையின் கொள்முதல் மேலாளர். கொடுத்தவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "மாமா, இனிமே ஒரு சொட்டு தொடக்கூடாது. அவ்வளவுதான் என் ரேட்டு" என்று முடித்துவிட்டான்.

யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார் என்பதால் மேலாளருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'பாதிவிலை'. மனுஷன் கல்லீரலைக்கூட பாதிக்குப் படியவைத்துவிட்டார் என்று அங்கே ஒரு பேச்சும் உண்டு. உண்மை வேறு. பிறந்ததிலிருந்து அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்ட ஒரே விலை அதுதான். ஒரு வருடம் இரண்டு மாதமாகச் சத்தியத்தில் கீறல்கூட விழவில்லை.

இன்று மதியம் பன்னிரண்டேமுக்காலுக்கு அதற்கு ஆபத்து வந்தது. ஆப்பிள் ஜூஸ் வடிவத்தில்.

கடையின் கணக்குப்பிள்ளைக்கு இன்றோடு ஓய்வு. மாடி அறையில் எல்லோரும் ஜூஸ் கிளாஸை உயர்த்திச் சிரித்தார்கள். பில் போடும் அம்மாள் பாதிவிலையின் போனிலேயே படம் எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் பாதிவிலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செத்துப் பிழைத்தவன் இப்படி நாலு பேரோடு நின்று சிரிக்கிறேன் என்றால் அது யார் போட்ட பிச்சை? உடனே குடும்ப குரூப்பில் போட்டார். அதில் இருப்பது நாலே பேர்: அவர், மனைவி, மச்சான், மச்சானின் மனைவியான கணக்கு டீச்சர். படத்துக்குக் கீழே மனசாரத் தட்டினார்: 'மச்சான், உன் கல்லீரல் பிரமாதமா வேலை செய்யுது!'

மூன்று பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் இல்லை.

"யாருக்கு சார் அனுப்பினீங்க?" என்று எட்டிப் பார்த்தாள் பில் அம்மாள்.

"வீட்டுக்கு."

"இந்தக் கலரோடயா? இந்த வாசகத்தோடயா?"

பாதிவிலை மறுபடியும் படத்தைப் பார்த்தார். தேன் நிறத்தில் பளபளவென்று கிளாஸ். அதற்கு மேலே, எல்லாப் பல்லும் தெரிய அவர்.

"ஐயோ, ஜூஸும்மா!"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியுமா?"

வயிற்றைக் கீறிக் கொடுத்தவன் இதைப் பார்த்து என்ன நினைப்பான்? பாதிவிலை அவசர அவசரமாகப் படத்தை அழித்தார். அது இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்ப நிச்சயமாயிடுச்சு" என்றாள் பில் அம்மாள். "தப்பு பண்ணாதவன் எதுக்கு சார் அழிக்கிறான்?"

"நீ கொஞ்சம் சும்மா இரேன்!"

ஜூஸ் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி ஓடினார். பின்பக்கக் குப்பைத்தொட்டியில் நசுங்கிக் கிடந்தது. தொட்டிக்குள் தலையை விட்டு, நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து, 'ஆதாரம்' என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் கவனித்தார். பெட்டிக்குப் பக்கத்தில், கிடங்கு ஆட்கள் யாரோ நேற்றுக் காலி பண்ணிய பிராந்தி பாட்டில் நெட்டுக்குத்தாக நின்று படத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் பார்த்தார்கள். பதில் இல்லை.

"சாட்சி வேணும் சார்" என்றாள் பில் அம்மாள். "மரியாதையான ஆள் யாராவது குரல்ல சொல்லணும்."

முப்பத்தொரு வருடம் ஒரு பைசா பிசகாத கணக்குப்பிள்ளையை விட மரியாதையான ஆள் யார்? போனை அவர் வாயருகே பிடித்தார் பாதிவிலை. அந்த மனுஷனோ விடைபெறும் துக்கத்தில் காலையிலிருந்தே தொண்டை அடைத்துக் கிடந்தார்.

"அம்மா... நான்... பேசறேன். பாதிவிலை சார்... தங்கம்மா அவரு! தங்கம்! ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டு..." அதற்கு மேல் முடியாமல் ஓவென்று அழுது, பாதிவிலையின் தோளில் சாய்ந்தார். அவர் கைபட்டுப் பதிவு அப்படியே குரூப்புக்குப் போய்விட்டது.

போட்டுக் கேட்டார்கள். கேட்கிற எவனும், ரெண்டு பேரும் முழு பாட்டிலை முடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வான்.

இனி தொழில்தான் கைகொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார் பாதிவிலை. பெரிய சரக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் சின்னச் சின்னதை விட்டுக்கொடுக்க வேண்டும். எதிராளி அதில் குளிர்ந்துபோய்ப் பெரியதை நம்பிவிடுவான். இருபது வருடமாக அவருக்குத் தோற்காமல் ஓடிய குதிரை இது. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தார்.

"மச்சான், நான் குடிக்கல. அதுக்காக நான் ரொம்ப யோக்கியன்னும் சொல்லல. தினம் காலையில நடக்கப் போறேன்னு சொல்றது பொய். அடி எண்ணுற வாட்ச்சை அங்க பார்க்குல இருக்கிற வாட்ச்மேன் கையில கட்டிவிட்டுட்டு பெஞ்சுல பேப்பர் படிக்கிறேன். உங்க அக்கா உப்பைக் குறைச்சுக் கட்டிக் குடுக்கிற சாப்பாட்டுக்கு, மேஜை டிராயர்ல ஒரு உப்பு டப்பா வெச்சிருக்கேன். போன மாசம் ஊசிக்குப் பயந்து ரத்தப் பரிசோதனைக்கே போகல. உங்ககிட்ட காட்டினது அதுக்கு முந்தின மாசத்து ரிப்போர்ட். இவ்வளவையும் ஒத்துக்கிறவன் குடிச்சிருந்தா அதை மட்டும் மறைப்பேனா? நீயே சொல்லு."

அனுப்பியதும் ஒரு நிம்மதி. இதைவிட நியாயமான வாதம் உலகத்தில் கிடையாது.

நாற்பது நிமிடம் கழித்து மனைவியிடமிருந்து ஒரே வரி: 'வேலை முடிஞ்சதும் நேரா தம்பி வீட்டுக்கு வாங்க.'

முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் புள்ளி வைத்து அவர் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணி. மச்சான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதிவிலைக்குக் கால் தள்ளாடியது. அதுவேறு சந்தேகத்தைக் கிளப்புமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு போன். மச்சானின் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"மச்சான், ஊதிக் காட்டச் சொல்லு, ஊதறேன். நீ எனக்குக் குடுத்தது உயிருடா. உன்னை ஏமாத்திட்டு நான்..." என்று ஆரம்பித்தார் பாதிவிலை.

மச்சான் எழுந்து வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தார். அவன் அவரை இறுகக் கட்டிக்கொண்டு, "மாமா... மாமா..." என்றான். மற்றது எதுவும் வரவில்லை. இவரும் சேர்ந்து அழுதார். மனைவி மட்டும் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் குடிக்கலைன்னு நம்பறீங்கதானே?" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கணக்கு டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் கிளாஸை இங்க யாருண்ணா பார்த்தா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் போட்டோவையும், நீங்க அழிக்கறதுக்கு முன்னாடியே இவர் சேமிச்சு வெச்ச இதையும் பக்கத்துல வெச்சு, மஞ்சளா கிடந்த உங்க கண்ணு பாலாட்டம் வெளுத்திருக்குன்னு மூணு பேரும் பதில்கூடப் போட முடியாம அழுதுட்டிருந்தோம். ஆகமொத்தம், குடிச்ச குத்தம் பூஜ்ஜியம், யாரும் கேக்காமலே நீங்களா ஒத்துக்கிட்டது மூணு, அந்த மூணுக்கும் கணக்குத் தீர்க்கப்போறது அண்ணி!"