மிஹாயோவின் இருமலை எலி பிடித்த வரலாறு

மொரோகோரோ,
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த கையோடு

டார் எஸ் சலாம் மாநகரில் கைப்பேசிக் கடை நடத்திப் பெருவாழ்வு வாழ்பவனும், என் உடன்பிறந்தாளின் மூத்த புதல்வனும், எனக்குப் பிறகு என் மலைச்சரிவு வாழைத்தோட்டத்தை ஆளப் பிறந்தவனுமாகிய அன்பு மருமகன் ஷோமாரிக்கு, உன் தாய்மாமன் சலும் கோபெலோ மனமார வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே இறைவன் அருளால் நானும் உன் அத்தை ஸேனாவும் எங்கள் வாத்துகளும் சுகம். அங்கே நீயும் உன் மனைவி மக்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இப்போது நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் மனைவி நம்பமாட்டாள். உன் கடைக்கு வந்து ஓசியில் மின்னேற்றிக்கொண்டு போகிறவர்கள்கூட நம்பமாட்டார்கள். பயணச்சீட்டு இல்லாமல் வந்த எத்தனையோ பேரின் பொய்களை ஓடும் ரயிலில் நின்று கேட்டவன் நான். ஆகவே நம்ப முடியாத கதை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், இது அந்த ரகத்தில் முதல் வகுப்பு. போன வாரம் தொலைபேசியில் நான் தொடங்கியபோதே, "எலி நோயைக் கண்டுபிடிச்சுதா? மாமா, மூக்குப்பொடியை இன்னும் விடலையா நீங்க?" என்று சிரித்து வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் என் இருமலில் தொடங்கியது. மூக்குப்பொடி இருமல்தான், ஆனால் சாதாரண இருமல் என்று நினைத்துவிடாதே. நான் காலையில் ஒரு தடவை இருமினால் ஸ்டேஷனில் நிற்கிற சரக்கு ரயில் ஒரு அடி நகரும், உலுகுரு மலையில் தூங்குகிற குரங்குகள் பொத்துப் பொத்தென்று விழும். உன் அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போங்க, இல்ல வாத்துக் கொட்டாய்ல படுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் கிளம்பினேன். கிளம்பிய செய்தி எப்படியோ மிஹாயோவுக்குப் போய்விட்டது. மிஹாயோவை உனக்கு நினைவிருக்கும், பேருந்து நிலையத்தில் "டொடோமா, டொடோமா" என்று கத்தி ஆள் ஏற்றுகிறவன். அவன் தபோரா பக்கத்து நியாம்வேஸி, அந்தக் காலத்தில் யானைத் தந்தம் சுமந்த கூட்டம்; நாம் மலைவாசி லுகுரு. இரண்டு கூட்டத்துக்கும் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்தே கேலி உறவு. நீ நகரத்தில் இருந்து இருந்து மறந்திருப்பாய்: கேலிப் பங்காளி உன்னை எதையும் சொல்லலாம், உன் கையில் இருப்பதைப் பிடுங்கலாம், நீ செத்தால் உன் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு கூலி கொடுத்தால்தான் எழுவேன் என்று அடம்பிடிக்கலாம். கோபப்பட மட்டும் உனக்கு உரிமை கிடையாது. அப்படி ஒருவன் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் சும்மா இருப்பானா? கையில் ஒரு அளவுக் கயிறோடு வந்து சேர்ந்தான்.

"என்னடா மலைக்குரங்கு, குழி எவ்வளவு நீளம் வெட்டணும்னு பாக்க வந்தேன். திரும்பு."

"நீ போய் மூட்டை தூக்குடா, சுமைதூக்கி. உன் பாட்டன் கடற்கரை வரைக்கும் தூக்கின தந்தம் இன்னும் இறக்கலையாம்."

இப்படிப் பேசிக்கொண்டே போனோம். அவனும் வழியெல்லாம் இருமிக்கொண்டுதான் வந்தான். ஆள் பாதியாய் இளைத்து, இடுப்பு வாரில் ஆணியால் புதுசு புதுசாய்த் துளை போட்டிருந்தான். அந்தப் பெரிய குரல் கீச்சென்று ஆகியிருந்தது. கேட்டால் டீசல் புகை என்பான். நானும் கேலி செய்ய இன்னொரு விஷயம் கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தெக்லா என்கிற நர்ஸ் என் பெயர் ஒட்டிய ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, பின்பக்கம் வேப்பமரத்தடியில் காற்றாடப் போய் ஆழமாக இருமிச் சளியைத் துப்பிக்கொண்டு வரச் சொன்னாள். சரக்கு ரயிலை நகர்த்திய என் இருமல் அந்தக் குப்பியைக் கண்டதும் வெட்கப்பட்டுக்கொண்டது. முக்கினேன், முனகினேன், மூக்குப்பொடிதான் வந்தது. மிஹாயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "துப்பக்கூடத் தெரியல, இவனுக்கு ஒரு வாழைத்தோட்டம் வேற. கொண்டாடா இங்க" என்று பங்காளி உரிமையில் குப்பியைப் பிடுங்கி, நியாம்வேஸி எப்படித் துப்புவான் என்று செய்து காட்டினான். குப்பி நிறைந்தது. நானும் இனிமேல் யார் முக்குவது என்று மூடியைத் திருகி, என் பெயரிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நுண்நோக்கியில் பார்த்துவிட்டு "காசநோய்க் கிருமி எதுவும் தென்படவில்லை" என்று அன்றைக்கே சொல்லியும் விட்டார்கள். ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் இந்த ஊரில் நுண்நோக்கி சொன்னதோடு விஷயம் முடிவதில்லை, மருமகனே. மீதிச் சளியைச் சூடுபண்ணிக் கிருமியைச் சாகடித்து, ஒரு மோட்டார் சைக்கிள்காரனிடம் கொடுத்து மலையடிவாரத்தில் மோப்பத்துக்குப் பழக்கி வைத்திருக்கும் எலிகளிடம் அனுப்புகிறார்கள். நம் காட்டு எலிதான், கன்னத்தில் பை வைத்த பெரிய ஜாதி. ஆட்டுக்குட்டி அளவு. இல்லை, ஆடு அளவென்றே வைத்துக்கொள். அதில் மூத்த எலிக்கு அங்கே வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் அத்தை, ஏனென்றால் எந்த அத்தையையும் போல அதுவும் யார் வீட்டு ரகசியத்தையும் மோந்தே கண்டுபிடித்துவிடுமாம். கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் வரிசையாய்த் துளைகள், ஒவ்வொரு துளைக்குக் கீழும் ஒருவருடைய சளி. அத்தை ஒரு மகாராணியின் நடையில் முகர்ந்துகொண்டே போகும். நோய் இல்லாத துளையைக் கடைவீதியில் கடன்காரனைக் கண்டதுபோல் கடந்துவிடும். நோய் இருந்தால் மூக்கை நுழைத்து அப்படியே நின்று, நகத்தால் பிறாண்டும். உடனே வாழைப்பழக் கூழ் பரிசு. ஒருவர் நுண்நோக்கியில் நாள் முழுவதும் குனிந்து பார்க்கிற சளியை அது உன் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளும். அந்த அத்தை என் பெயர் எழுதிய சளியில் நின்றது. நின்றது மட்டுமல்ல, முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஒரு சலாம் வைத்ததாகவும் கேள்வி.

தெக்லா வீட்டுக்கே வந்துவிட்டாள். "பெரியவரே, எலி உங்க சளியில நின்னுடுச்சு. மறுபடி பாக்கணும், வாங்க" என்றாள். உன் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் தெரியும், அது என் சளி இல்லை. உண்மையைச் சொன்னேன். தெக்லா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. "அப்ப அவரை உடனே கூட்டிட்டு வாங்க. விட்டா ஆள் தாங்கமாட்டார். பஸ்ஸில ஏறுறவங்க மூஞ்சியில வேற நாள் பூரா இருமுறார்" என்றாள்.

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். "டேய் மிஹாயோ, உனக்குக் காசநோய்டா." அவன் விழுந்து விழுந்து சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் பேருந்தின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "யாருடா சொன்னா?" என்றான். "எலி" என்றேன். சுற்றி நின்ற ஓட்டுநர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு நல்ல கேலியைப் பல வருடங்களாய்க் கேட்டதில்லையாம். சத்தியம் செய்தேன், இன்னும் கைதட்டினார்கள். தெக்லாவையே கூட்டிக்கொண்டு போனேன். "நர்ஸம்மாவுக்கு என்ன வாங்கிக் குடுத்தான் இந்த மலைக்குரங்கு?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். ஷோமாரி, என் நிலைமையை யோசித்துப் பார். கேலிப் பங்காளி வாயிலிருந்து வருவது எதையும் யாரும் நம்பக்கூடாது என்பது நம் முன்னோர் போட்ட சட்டம். என் பங்காளி சாகக் கிடக்கிறான், நான் வாய் திறக்கத் திறக்க அவன் சிரிக்கிறான்.

அப்போதுதான் உன் மாமனின் மூளை வேலை செய்தது. நாடாளுமன்றத்தில்கூட இப்படி ஒரு தந்திரத்தை யாரும் கண்டதில்லை. மறுநாள் காலை வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து கூப்பிடும் வரை நின்றேன். நான் இதுவரை அந்த வீட்டுக்குள் குரல் கொடுத்துப் போனதே இல்லை. சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான்.

"மிஹாயோ அவர்களே, வீட்டில் அனைவரும் சௌக்கியமா?"

கடித்த வாயோடு நிமிர்ந்தான். "யாரைடா கேக்கற?"

"தங்களைத்தான். தாங்கள் அனுமதித்தால் இந்த முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி நியாமிஸி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இவருக்கு என்னங்க ஆச்சு?"

"டேய் கோபெலோ, என்னைத் திட்டுடா."

"அது எப்படி? தாங்கள் மதிப்புக்குரியவர்."

"ஒரே ஒரு தடவை, சுமைதூக்கின்னு சொல்லு."

நான் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சப்பாத்தியைத் தட்டில் வைத்தான்.

"நான் சாகப்போறேனா?" என்றான்.

"இல்லீங்க. ஆனா இப்பவே எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும் நீங்க."

"நீங்க" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து சட்டையைத் தேடினான். நியாமிஸி அழுதுகொண்டே அவனுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெற்றி ஊர்வலம். காப்பிக்கடை இயந்திரம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் அவன் சளியை ஊற்றிவிட்டு நாங்கள் ஆளுக்கு ஒரு தேநீரும் வடையும் முடித்துவிட்டு வருவதற்குள், எலி அத்தை சொன்னது சரி என்றும், பழைய மருந்துக்கு மசியாத ஜாதிக் கிருமி என்றும் சொல்லிவிட்டது. கூடவே வந்திருந்த நியாமிஸி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காரணம் உண்டு. என் சித்தப்பா மகனுக்கு இதே நோய் வந்தபோது மாதக்கணக்கில் தினமும் ஊசி குத்தினார்கள். நோய் போனது, கூடவே காதும் போனது. தெக்லா சிரித்தாள். "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஊசியே கிடையாது, மாத்திரை மட்டும்தான். ஆறு மாசம், ஒரு நாள் விடக்கூடாது" என்றாள். வீட்டில் இருக்கிற எல்லோரையும், அவனோடு சுற்றுகிற என்னையும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். இந்தத் தடவை என் சொந்தச் சளியைக் கொடுத்தேன். அத்தை அதை முகர்ந்து ஒரு தும்மல் போட்டுவிட்டு அடுத்த துளைக்குப் போய்விட்டதாம், அவமரியாதை.

மிஹாயோ முகக்கவசமும் மாத்திரையுமாய் வீட்டில் கிடந்தான். வயிற்றைப் புரட்டுகிறது என்று அவன் மாத்திரையைத் தள்ளிய நாளெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று "மிஹாயோ அவர்களே" என்பேன், பயந்துபோய் விழுங்கிவிடுவான். கடைசி மாத்திரை முடிந்து, நோய் போய்விட்டது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய அன்று பேருந்து நிலையமே கூடிவிட்டது. மேளம் வந்தது, காவல்துறை பேண்டு வாத்தியம் வந்தது, மிக்குமி காட்டிலிருந்து யானைகள் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் மரியாதையாக நின்றன. மிஹாயோ ஒரு பெட்டி மேல் ஏறி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "டொடோமா" என்று ஒரு குரல் விட்டான் பார், இரிங்காவுக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள்கூட இறங்கி ஓடிவந்து டொடோமா பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். டொடோமாவிலிருந்தே ஒருவர், "வர்றேன், கத்தாதே" என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு மிஹாயோ பெட்டியிலிருந்து இறங்கி, நேரே என்னிடம் வந்து, என் சட்டைப்பையிலிருந்த மூக்குப்பொடி டப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

ஆகையால் மருமகனே, இந்தக் கடிதம் கண்டதும் உன் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள். உன் தங்கைக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் மலைச்சரிவு வாழையைப் போல் தார்விட்டுத் தழைக்கட்டும், உன் கடை விளக்கு அணையாதிருக்கட்டும், உன் வீட்டில் ஒருவரும் மூன்று வாரத்துக்கு மேல் இருமாதிருக்கட்டும். இருமினால் டீசல் புகை என்று சொல்லாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும் தாய்மாமன்,
சலும் கோபெலோ

பின்குறிப்பு: எழுதியதை மிஹாயோவுக்குப் படித்துக் காட்டினேன். யானை வந்ததையும் எலி சலாம் வைத்ததையும் அடித்துவிடச் சொல்கிறான். ஆடு அளவு எலியைப் பூனை அளவாகக் குறைக்க வேண்டுமாம். பேண்டு வாத்தியம் அடுத்த தெருக் கல்யாணத்துக்கு வந்ததாம். அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நோயை எலி பிடித்ததும் மாத்திரை தீர்த்ததும் ஊரே அறியும், அதை என் கதைக் கணக்கில் சேர்க்காதே. மற்றபடி என் மூளை, என் தந்திரம் என்று நான் பெருமையடித்தது முழுக்கப் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்று காலை அவன் வீட்டு வாசலில் நான் மரியாதையாகப் பேசினேன் அல்லவா, அது தந்திரம் இல்லை. அங்கியும் தொப்பியும் விடியற்காலைத் தொழுகைக்குப் போட்டவை. அவனைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பயத்தில் எனக்கு அந்தச் சொற்கள்தான் வந்தன.